கள்ள ரூபாய், நல்ல ரூபாய்: வெள்ளி நாணயத்தை நோட்டம் பார்ப்பது குறித்து

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று காசு, இன்னொன்று நேர்மை. 'நாணயமான ஆள்' என்று சொல்லும்போது காசின் மீதிருக்கிற நம்பிக்கை ஆளின் மீது ஏற்றப்படுகிறது. அந்த நம்பிக்கை காசுக்கு எங்கிருந்து வந்தது? வெள்ளியிலிருந்தா, முத்திரையிலிருந்தா? கள்ளநாணயம் எழுப்பும் கேள்வி இதுதான். பழைய வெள்ளிக்காசு சேகரிப்பவர்கள் 'ஒரிஜினலா, டூப்ளிகேட்டா' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். யாருடைய ஒரிஜினல், எந்தக் காலத்து டூப்ளிகேட் என்பதையும் வரலாறு கேட்டாக வேண்டும்.

காசைச் சோதிப்பது இங்கே பழைய தொழில். சங்கப் புலவர் வடமவண்ணக்கன் தாமோதரனார் பெயரில் இருக்கும் 'வண்ணக்கன்' நாணயம் பார்ப்பவனைக் குறிக்கும் சொல். பிற்காலத்தில் அவன் நோட்டக்காரன், சராப்பு. இன்று யாரையாவது 'நோட்டம் விடுறான்' என்கிறோமே, அந்த நோட்டமும் காசு பார்த்த கண்தான்.

நம் வீடுகளில் தாலிக்கொடியோடும் லட்சுமி பூஜையோடும் மிஞ்சியிருக்கிற ராணி ரூபாயை, ராஜா ரூபாயை எடுத்துக்கொள்வோம். 1835ஆம் ஆண்டுச் சட்டம் ரூபாய்க்கு ஒரே அளவை விதித்தது: எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. கைமாறித் தேய்ந்த காசு கொஞ்சம் எடை குறையும், அது இயல்பு. தேயாமல் புதுசாகப் பளபளக்கிற காசு எடை குறைந்தால்தான் சந்தேகம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால் நல்ல ரூபாயின் எடை ஏறக்குறைய 1.13 கிராம் குறைய வேண்டும். வெள்ளியே இல்லாத 'ஜெர்மன் சில்வர்' அதைவிடக் கூடுதலாகக் குறைந்து காட்டிக்கொடுத்துவிடும். அடித்த காசின் எழுத்து விளிம்பு கூர்மையாக நிற்கும். வார்த்த காசில் எழுத்து மழுங்கி, லென்ஸில் பார்த்தால் பொடிப்பொடியாகக் குழிகள் தெரியும், ஓரத்தில் அச்சு சேர்ந்த கோடு இருக்கும். இரண்டு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை.

இதெல்லாம் உலோகம் பொய் சொல்லும்போது. உலோகம் உண்மை பேசி, காசு பொய்யானால்?

1893 ஜூன் வரை யார் வேண்டுமானாலும் வெள்ளியை நாணயசாலைக்குக் கொண்டுபோய், கட்டணம் செலுத்தி, ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம். உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்துகொண்டே போனது. லண்டனுக்கு அனுப்ப வேண்டிய 'உள்நாட்டுச் செலவு'க்கான ரூபாய்க் கணக்கு ஏறிக்கொண்டே வந்தது. காலனி அரசு நாணயசாலையின் கதவைப் பொதுமக்களுக்குச் சாத்தியது. ரூபாயின் மதிப்பு ஒரு ஷில்லிங் நாலு பென்ஸில் நிறுத்தப்பட்டது. விளைவு, ரூபாய்க்குள் இருந்த வெள்ளியின் விலை ரூபாயின் விலையைவிடக் கீழே போனது. இப்போது ஒருவன் சரியான எடையில், சரியான தரத்தில், கலப்படமில்லாமல் ரூபாய் அடித்தாலும் அவனுக்கு லாபம். வெள்ளியில் கள்ளமில்லை, ஆனால் காசு கள்ளம். எடைக்கும் தண்ணீருக்கும் இது தப்பிவிடும், அச்சின் நுணுக்கத்தில் மட்டுமே பிடிபடும். அரசுக்கும் கள்ளநாணயக்காரனுக்கும் உள்ள வேறுபாடு உலோகத்தில் இல்லை, உரிமையில் இருக்கிறது.

1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் இதை ஒளிக்கவில்லை. ஏதோ ஒரு நாணயத்தைப் போலி செய்தால் ஏழாண்டு வரை சிறை. ராணியின் நாணயத்தைப் போலி செய்தால் ஆயுள் முழுக்க நாடுகடத்தல் வரை போகலாம். செயல் ஒன்றுதான், தலை வேறு.

சரி, அந்த உரிமையாவது சுத்தமானதா? ஆற்காடு ரூபாயைப் பாருங்கள். முகலாயப் பேரரசன் இரண்டாம் ஆலம்கீர் 1759இல் கொல்லப்பட்டான். ஆனால் கம்பெனியின் சென்னை நாணயசாலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அவன் பெயரையும் ஹிஜ்ரி 1172 என்ற உறைந்துபோன ஆண்டையும் பொறித்தே வெள்ளிக்காசு அடித்தது. ஊர் 'ஆற்காடு', அடித்த இடம் சென்னை. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும் ஆற்காடு ரூபாய் அடித்தார்கள். அதைப் பிரித்தறிய ஒரு பிறைக்குறி, ஆங்கிலேயக் காசுக்குத் தாமரைக்குறி. செத்துப்போன அரசன், பொய்யான ஊர், பொய்யான ஆண்டு. ஆனாலும் சேகரிப்பில் இது 'அசல்'. தனி ஆள் செய்திருந்தால் ஆயுசுக்கும் தீவாந்தரம்!

இன்னொரு வகை, சந்தைக்காகவே பிறந்த போலி. ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய் மிக அரிது. 1940லிருந்து அரசே வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டது. ஆகவே 1938 ரூபாயின் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்குகிறார்கள். எடை, வெள்ளி, அச்சு எல்லாம் உண்மை, ஒரே ஒரு இலக்கம் மட்டும் பொய். அந்த எண்ணைச் சுற்றியுள்ள தளம் மற்ற இடம் போல் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கினால் போச்சு.

கடைசி வகைதான் அரசியல்ரீதியாக அபாயமானது: எந்த அசலும் இல்லாத போலி. ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ பொறித்து, 'ஈஸ்ட் இண்டியா கம்பெனி 1818' என்று எழுதிய காசுகள் புழங்குகின்றன. கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை வெளியிடவே இல்லை. 'அரிசியை இழுக்கும்' என்று சொல்லி லட்சக்கணக்கில் ஏமாற்றும் கும்பல்களுக்கும் இவை சரக்கு. 'வெள்ளைக்காரனே ராமரை ஏற்றுக்கொண்டான்' என்ற கதையாடலுக்கும் இவையே ஆதாரம். ராமனும் சீதையும் பொறித்த உண்மையான நாணயம் ஒன்று உண்டு. அதை வெளியிட்டவர் அக்பர், 1604-05 வாக்கில். அந்தக் காசு இவர்களுடைய கதைக்கு உதவாது. அதனால்தான் இல்லாத காசு தேவைப்படுகிறது. இதைப் பிடிக்கத் தராசு வேண்டாம், வரலாறு தெரிந்தால் போதும்.

ஆகவே சேகரிப்பில் கள்ளக்காசு கண்டால் உருக்கிவிடுவதும் தப்பு, நல்லதோடு கலந்து வைப்பதும் தப்பு. எங்கே கிடைத்தது, யார் கையிலிருந்து வந்தது, என்ன எடை என்று எழுதித் தனியாக வைக்க வேண்டும். தன் காலத்திலேயே புழங்கிய கள்ள ரூபாய் ஒரு ஆவணம். அது கடைசியாக யார் கையில் நின்றதோ அவர்தான் இழந்தார். சராப்பு நோட்டம் பார்த்துத் தள்ளிவிடுவார், வட்டிக்காரர் வட்டம் பிடித்துக்கொள்வார். சாயங்காலம் கூலியாக ஒற்றை ரூபாய் வாங்கிய ஆளுக்குத் தராசும் கிடையாது, திருப்பிக் கொடுக்கும் அதிகாரமும் கிடையாது. 'இது செல்லாது' என்று கடைக்காரர் விட்டெறிந்த ஒலியில்தான் அந்த ஆளுக்கு நாணயவியல் தெரியவந்தது. காசுப் பட்டியல்களில் அரசர்களின் தலைகள் வரிசையாக இருக்கின்றன. இந்தக் கைக்கு அங்கே ஒரு வரிகூட இல்லை. எழுத வேண்டியது அந்த வரியைத்தான்.