ஓபியாய்டு வலிச் சிகிச்சையில் மருந்தாளுநர்

அபினிலிருந்து கிடைக்கும் மார்ஃபின், கோடீன் ஆகியவற்றுக்கும், அவற்றைப்போலவே உடலில் வேலை செய்யும் ஃபென்டனில், டிரமடால் முதலிய மருந்துகளுக்கும் ஓபியாய்டு என்பது பொதுப்பெயர். புற்றுநோயின் கடும் வலிக்கு மார்ஃபினை வாய்வழியே, வேளை தவறாமல் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்ட வழிகாட்டி உலகெங்கும் பரப்பியது. மருந்தை எழுதுபவர் மருத்துவர். ஆனால் எழுதிய மருந்து வீட்டுக்குப் போனபின் ஒழுங்காகச் சாப்பிடப்படுமா, பாதியில் நிறுத்தப்படுமா, ஆபத்தாக முடியுமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, அது கைமாறும்போது சொல்லப்படும் விளக்கமே. அதைச் சொல்ல வேண்டியவர் மருந்தாளுநர். இந்தியாவில் அவரைப் பூட்டிய அலமாரிக்கும் பதிவேட்டுக்கும் காவலராக மட்டும் நிறுத்திவிட்டதே இச்சிகிச்சையின் பெருங்குறை.

இந்தக் குறைக்குச் சட்டத்தில் வேர் உண்டு. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கடும் தண்டனைகளோடு வந்தபோது, மார்ஃபின் வாங்கி வைக்க ஒரு மருத்துவமனை பல துறைகளிடம் தனித்தனி உரிமம் பெற வேண்டியதாயிற்று. சிறு பிழைக்கும் சிறை என்ற அச்சத்தில் பல இடங்கள் மருந்தையே கைவிட்டன. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் சட்டப்படி கசகசாச் செடி பயிராகி, காஸிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் அபினைப் பதப்படுத்தும் நாட்டில்தான் இந்த நிலை. வலிநிவாரணம் குறித்து லான்செட் ஆணையம் 2017-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்திய நோயாளிகளின் தேவையில் ஏறத்தாழ 4 விழுக்காடு ஓபியாய்டு மட்டுமே அவர்களுக்குக் கிடைத்தது. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2015-இல் மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன் உள்ளிட்ட ஆறு மருந்துகள் அத்தியாவசிய போதை மருந்துகளாக அறிவிக்கப்பட்டன. அங்கீகாரம் தரும் அதிகாரம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் ஒன்றுசேர்ந்தது. உரிமச் சிக்கல் இப்படித் தளர்ந்தாலும் அச்சம் அதே வேகத்தில் தளரவில்லை. இன்றும் பெரும்பாலான மருந்துக் கடைகளில் மார்ஃபின் இல்லை. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளையும் ஆதரவு சிகிச்சை மையங்களையும் தேடித்தான் போக வேண்டும்.

அப்படித் தேடிப் போய் வாங்கும் குடும்பத்துக்கு என்ன சொல்ல வேண்டும்? சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி வரட்டும் என்று காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுப்பது. மெதுவாகக் கரையும் மாத்திரை பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. விழுங்கச் சிரமப்படுகிறாரே என்று அதைப் பொடித்துக் கொடுத்தால் அரை நாளுக்கான மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். ஃபென்டனில் ஒட்டுப்பட்டையின் மேல் வெந்நீர் ஒத்தடம் கூடாது, சூட்டில் மருந்து வேகமாக உள்ளே போகும். குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் தணியும். மலச்சிக்கல் தணியாது, ஆகவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்ந்து போக வேண்டும். மருந்துச் சீட்டில் அது விடுபட்டிருந்தால் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டியவர் மருந்தாளுநரே. வலி குறைந்தும், ஐந்து நாள் வயிறு இறங்காத வேதனையில் மார்ஃபினே வேண்டாம் என்று நிறுத்திவிடும் நோயாளியைக் காப்பாற்ற இந்த ஒரு கேள்வி போதும். சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபினின் எச்சங்கள் உடலில் தேங்கும். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் மூச்சு மந்தமாகும். வேறு மருத்துவர் எழுதிய சீட்டும் வந்து சேரும் இடம் என்பதால், இவற்றைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு மருந்தாளுநருக்கே அதிகம்.

மருந்து தாராளமாகக் கிடைத்தால் அடிமைத்தனம் பெருகாதா என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் 1996-இல் ஆக்ஸிகான்டின் சந்தைக்கு வந்து, அதன் ஆபத்து குறைவு என்று விளம்பரப்படுத்தப்பட்ட பின் நேர்ந்த அழிவு கண்முன் நிற்கிறது. ஆனால் கோழிக்கோட்டு அனுபவம் வேறு. அங்குள்ள வலிநிவாரண மையத்தில் இரண்டு ஆண்டுகளில் 1,723 நோயாளிகளுக்கு வீட்டில் சாப்பிட வாய்வழி மார்ஃபின் தரப்பட்டது. தவறான பயன்பாடோ கடத்தலோ நடந்ததற்குச் சான்று இல்லை என்று 2001-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு பதிவுசெய்தது. கோழிக்கோடு புற்றுநோய் முதலிய கடும் நோய்களுக்கு, நோயாளியைத் தொடர்ந்து கவனித்துக் கொடுத்தது. அமெரிக்கா நாட்பட்ட முதுகுவலிக்கும் கேள்வியின்றிக் குவித்தது. மருந்து ஒரே இனம்தான், கொடுத்த விதம்தான் வேறு. பிறகு அமெரிக்கா எதிர்ப்பக்கம் சாய்ந்ததும் உண்மை. ஓபியாய்டு எழுதுவது குறித்து 2016-இல் அங்கே வந்த வழிகாட்டியின் அளவுகளைக் கறாரான வரம்பாக எடுத்துக்கொண்டு, பழகிய நோயாளிகளின் மருந்தைத் திடீரென வெட்டினார்கள். அவர்கள் பட்ட துன்பத்தைக் கண்டு 2022-இல் வழிகாட்டி திருத்தப்பட்டது. மருந்துக்கு உடல் பழகிப்போவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. இந்த வேறுபாடு தெரிந்த மருந்தாளுநர் சந்தேகப்பட வேண்டிய இடத்தில் மருத்துவரிடம் விசாரிப்பார், வலியில் இருப்பவரைக் குற்றவாளியாகப் பார்க்கமாட்டார்.

மருந்தாளுநர் மருத்துவரின் வேலையில் தலையிடலாமா என்றும் கேட்கப்படுகிறது. அளவைத் தன்னிச்சையாக மாற்ற அவருக்கு உரிமையில்லை, வேண்டவும் வேண்டாம். ஆனால் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை 2015-ஆம் ஆண்டின் மருந்தகப் பணி ஒழுங்குமுறைகள் அவருடைய கடமையாகவே வைத்துள்ளன. நேரமில்லை என்பதுதான் உண்மையான தடை. கூட்டம் நெரியும் கடையில், சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, வேறு யாரோ மருந்து எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கும்வரை எந்த விதியும் பலிக்காது. மார்ஃபின் இல்லாத சாதாரணக் கடைக்கும் இது பொருந்தும். 2018-இல் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்ட டிரமடால் அங்கே விற்கப்படுகிறது. வலிப்பு உள்ளவருக்கும், சிலவகை மனச்சோர்வு மருந்து சாப்பிடுபவருக்கும் அது ஆபத்து. பதிவேட்டில் பெயர் எழுதும் அந்த ஒரு நிமிடத்தில் வேறென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுவிடலாம்.

நோயாளி குணமடைந்தாலும் இறந்தாலும் வீட்டில் மாத்திரை மிஞ்சும். அதைக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காமலும், வலிக்கிறது என்று சொல்லும் இன்னொருவருக்குக் கொடுக்காமலும், வாங்கிய மையத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.