ஒரு டெஸ்ட், மூடிய குழாய்: கலிஃபோர்னியாவின் குப்பைமேட்டு கேஸ் கதை

குப்பைமேட்டில் உருவாகிற மீத்தேனை வீட்டு அடுப்புக்கு அனுப்ப முடியுமா? முடியும். 1975-லேயே லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில், பாலோஸ் வெர்டெஸ் குப்பைமேட்டில் செஞ்சு காட்டிட்டாங்க. கேஸைச் சுத்தம் பண்ணி, இயற்கை எரிவாயுக் குழாயில் சேர்த்தாங்க.

சிக்கல் மீத்தேன் இல்லை, அதோட ஒட்டிக்கிட்டு வர்ற மத்த விஷயங்கள்தான். ஹைட்ரஜன் சல்ஃபைடு குழாயை அரிக்கும். ஷாம்பூ, டியோடரன்ட்ல இருக்கிற சிலாக்ஸேன் எரியும்போது சிலிக்காவாகி, எஞ்சினுக்குள்ள மணல் மாதிரி படியும். எல்லாத்தையும் விட பயமுறுத்தினது வினைல் குளோரைடு. பழைய கரைப்பான்களைக் குப்பைமேட்டு பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது இது உருவாகும். புற்றுநோய் வரவழைக்கும்னு உறுதியான பொருள்.

அதனால 1988-ல், சட்டமன்ற உறுப்பினர் டாம் ஹேடன் ஒரு சட்டம் கொண்டு வந்தார். (ஆமா, வியட்நாம் போரை எதிர்த்த அதே ஹேடன்தான்.) குழாயில் விடுற குப்பைமேட்டு கேஸில் வினைல் குளோரைடை டெஸ்ட் பண்ணணும், வரம்பைத் தாண்டக் கூடாது. கேட்கவே நியாயமா இருக்கு இல்லையா?

நடந்தது வேற. கேஸ் நிறுவனங்கள் டெஸ்ட் பண்ணி வாங்குறதுக்குப் பதிலா, குப்பைமேட்டு கேஸே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. டெஸ்ட் ஃபெயிலாகுமோன்னு ஃபீச்சரையே தூக்கிடுற டீம்களை நானும் பார்த்திருக்கேன். இங்க அந்த நிலைமை இருபது வருஷத்துக்கு மேல நீடிச்சது. கேஸை அங்கேயே எரிச்சு கரண்ட் எடுத்தாங்க, இல்லைன்னா சும்மா கொளுத்தி விட்டாங்க. பெரிய வேடிக்கை என்னன்னா, வேற மாநிலக் குப்பைமேட்டு கேஸுக்கு கலிஃபோர்னியா மின் நிறுவனங்களே ஒப்பந்தம் போட்டுக்கிட்டு இருந்தாங்க!

2012-ல் மைக் காட்டோ கொண்டு வந்த சட்டம் இதைத் திருத்தியது. ஒரே பொருளைப் பார்த்து பயப்படாம, எது எது, எவ்வளவு இருந்தா ஆபத்துன்னு சுகாதார, காற்றுத்தர அமைப்புகள் கணக்குப் போடணும்னு சொன்னது. 2014 ஜனவரியில் மாநில ஒழுங்குமுறை ஆணையம் 17 பொருள்களை ஏற்றது. 12 மனித உடம்புக்காக, மீதி 5 குழாய்க்காக.

எனக்குப் பிடிச்ச பகுதி இதுதான்: கேஸ் எங்கிருந்து வருதோ, அதைப் பொறுத்து டெஸ்ட் மாறும். மாட்டுச்சாண கேஸில் வினைல் குளோரைடைத் தேட வேண்டியதில்லை. குப்பைமேட்டு கேஸில் கட்டாயம் தேடணும். முடிவு தொடர்ந்து நல்லா வந்தா, டெஸ்ட்டும் குறையும்.