பாண்டி வாத்தியாரின் பட விமர்சனம்

போன ஒரு மாசத்துல மூணு படம் பார்த்தேன். மூணையும் சேர்த்து ஒரே மூச்சுல விமர்சனம் சொல்லிடலாம். முதல் படத்தில் கதாநாயகன் மெதுவாக நடந்தார். இரண்டாவது படத்தில் இன்னும் மெதுவாக நடந்தார். மூன்றாவதில் அவர் வந்து நிற்கும்போதே படம் முடிஞ்சு போச்சு. நடப்பது இரண்டாம் பாகத்தில் வருமாம்.

இதையெல்லாம் நான் தியேட்டர் வாசலிலேயே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அக்கா மகன் வண்டியை எடுத்துக்கொண்டே, "மாமா, எந்தப் படந்தான் உங்களுக்குப் புடிச்சிருக்கு? புடிக்கலைன்னா எதுக்கு வாராவாரம் வர்றீங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. பதில் தெரியாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான், இந்தக் கேள்வியை நம்ம ஊர் வாத்தியார் ஒருத்தரிடமும் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது. வாத்தியார் என்றதும் எம்.ஜி.ஆர். என்று நினைத்துவிட வேண்டாம், அவர் கடைசியில் வருவார். நான் சொல்வது நிஜமாகவே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய வாத்தியார். பிரெஞ்சு அரசாங்கத்தின் பள்ளிகளில் 1909 முதல் 1946 வரை தமிழ் சொல்லிக்கொடுத்த கனகசுப்புரத்தினம், அதாவது பாரதிதாசன்.

புரட்சிக்கவிஞர் என்று சிலையும் பெயர்ப்பலகையும் வைத்து அவரை ரொம்ப விறைப்பாக்கி விட்டோம். 'தமிழ்நாட்டிற் சினிமா' என்ற அவருடைய பாட்டைப் படித்தால் வேறு ஆள் தெரிவார். படம் பார்த்துவிட்டு வெளியே வந்து, பக்கத்தில் நிற்பவரின் தோளைப் பிடித்துக்கொண்டு புலம்புகிற ஆள்.

பாட்டில் அவர் சொல்வதன் சாரம் இதுதான். உருவத்தையும் ஒலியையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுகிற அருமையான கலை இது. மேல்நாட்டுக்காரன் இதை வைத்து நல்லது செய்கிறான். நம்ம ஆளும் படம் எடுக்க ஆரம்பித்தான் என்று ஆசையாகப் போய்ப் பார்த்தால், அதில் தமிழன் நடையும் இல்லை, உடையும் இல்லை. உடுப்பு வடநாட்டு உடுப்பு, மெட்டு வடநாட்டு மெட்டு. நடுவில் தெலுங்குக் கீர்த்தனை, சமஸ்கிருத சுலோகம், ஆங்கிலப் பேச்சு, வாயில் நுழையாத இந்துஸ்தானி. இத்தனையையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருப்பது ஒரு சாதி வீட்டுக் கூடத்தில் புழங்குகிற தமிழ் மட்டும். கிரீடம் அட்டை. பூந்தோட்டம் காகிதம். முத்துமாலை கண்ணாடி. கதையோ சிவபெருமான் எப்போது பார்த்தாலும் வருவதும் போவதும். பத்தினிக்குக் கஷ்டம் வரும், பிறகு தானாகத் தீரும். காதல்கூட தாளம் எண்ணிக்கொண்டுதான் வரும்.

சிரிக்காமல் படிக்க முடியாது. ஆனால் மனுஷன் மிகைப்படுத்தியிருப்பாரோ என்று எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' பற்றிப் படித்த பிறகு அது போய்விட்டது. 1931 அக்டோபர் 31-ல் வெளியான படம். எடுத்தது பம்பாயில். டைரக்டர் எச்.எம். ரெட்டி. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழ் பேசினார், கதாநாயகன் தெலுங்கு பேசினார், இன்னும் சிலர் இந்தி பேசினார்கள். காளிதாசன் கதைக்கு நடுவே தியாகராஜ கீர்த்தனை வரும், ராட்டினத்தைப் புகழும் தேசபக்திப் பாட்டும் வரும். காளிதாசன் காலத்தில் காந்தி எங்கே வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. சனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். இப்படி ஒரு தொடக்கம் என்றால், வாத்தியார் சிவப்பு மையை எடுத்ததில் தப்பே இல்லை.

இன்றைக்கு அட்டைக் கிரீடத்துக்குப் பதில் கிராபிக்ஸ் கிரீடம், காகிதத் தோட்டத்துக்குப் பதில் பச்சைத் திரை. நாலு மொழியில் ஒரே நாளில் வெளியிட வேண்டும் என்பதற்காக எந்த ஊர் என்றே தெரியாத ஊரில் எந்த ஊர்க்காரனும் பேசாத தமிழைப் பேசுகிறார்கள். சிவபெருமான் வேலையைக் கதாநாயகனே பார்த்துக்கொள்கிறார். பத்தினிக்கு வருகிற கஷ்டம் மட்டும் அப்படியே இருக்கிறது, இடைவேளைக்குப் பத்து நிமிஷம் முன்னாடி.

இதோடு நின்றிருந்தால் பாரதிதாசனும் என்னைப் போல ஒரு புலம்பல் பேர்வழி என்று முடித்துவிடலாம். எனக்குச் சுவாரசியமாக இருப்பது அடுத்த கட்டம். இப்படித் திட்டிய மனுஷன்தான் கிட்டத்தட்ட முப்பது வருஷம் சினிமாவின் வாசலையே சுற்றிச் சுற்றி வந்தார்.

1937-ல் 'பாலாமணி அல்லது பக்காத் திருடன்' படத்துக்குப் பாட்டு எழுதினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவல் அது. அடுத்த வருஷம் 'ராமானுஜர்' படத்துக்குப் பாட்டு. 1934-ல் பெரியார் தலைமையில் அரங்கேறிய 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' நாடகத்தில் பிரகலாதன் கதையையே தலைகீழாகப் புரட்டி, இரணியனைக் கதாநாயகனாக்கியவர் இவர். நாலு வருஷத்தில் வைணவ ஆச்சாரியார் படத்துக்குப் பாட்டு!

அதையும் தாண்டியது 1940-ல் வந்த 'காளமேகம்'. கதை, வசனம் பாரதிதாசன். காளமேகப் புலவர் கதை நமக்குத் தெரிந்ததுதான். திருவானைக்காவில் அம்பாள் வாயில் போட்ட தாம்பூலத்தால் கவிஞரானவர். சாமி வந்துவந்து போகிறதே என்று சலித்துக்கொண்டவர் கையில் தாம்பூலம் கொண்டுவரும் சாமி. கதாநாயகன் நாகஸ்வரச் சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளை. டைரக்டர் எல்லிஸ் ஆர். டங்கன், அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக்காரர், தமிழ் தெரியாது. தமிழ்ப் படத்தில் தமிழே இல்லை என்று கொதித்தவரின் வசனத்தை, அதில் ஒரு சொல்லும் புரியாதவர் படமாக்கினார். படம் ஓடவில்லை. ராஜரத்தினம் பிள்ளையும் நாகஸ்வரத்துக்கே திரும்பிவிட்டார்.

டங்கனைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. எம்.ஜி.ஆரின் முதல் படம் 'சதி லீலாவதி', எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'சகுந்தலை', 'மீரா' எல்லாம் அவர் கைவண்ணம். பாரதிதாசனும் அவரும் மறுபடியும் சேர்ந்தார்கள். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் எடுத்த 'பொன்முடி', பாரதிதாசனின் 'எதிர்பாராத முத்தம்' காவியத்தின் திரை வடிவம். இதில் சாமி இல்லை, காதல் இருந்தது. தாளம் எண்ணிக்கொண்டு வருகிற காதலும் இல்லை. கதாநாயகனும் நாயகியும் இவ்வளவு நெருக்கமாகவா என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் முகம் சுளிக்கும் அளவுக்கு இருந்தது. டங்கன் அந்த வருஷத்தோடு இந்தியாவை விட்டே கிளம்பினார்.

1952-ல் அதே மாடர்ன் தியேட்டர்ஸ் 'வளையாபதி' எடுத்தது. ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று, ஆனால் நமக்குக் கிடைத்திருப்பது 70 செய்யுளுக்குக் கொஞ்சம் கூடத்தான். மிச்சக் காப்பியம் காணாமல் போய்விட்டதால் இவர் இஷ்டத்துக்கு எழுத இடம் கிடைத்தது. எழுதிய வரியைக் கேட்காமல் மாற்றிவிட்டார்கள், கோபத்தில் ஒப்பந்தத்தையே கிழித்துப் போட்டுவிட்டு வந்தார் என்று ஒரு கதை சொல்லிச் சொல்லிப் பரவியிருக்கிறது. அவர் குணத்துக்குப் பொருந்துகிற கதைதான்.

இங்கே அந்தப் பாட்டுக்கு ஒருதரம் திரும்பிப் போகணும். அதில் சிரிப்பு ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இந்த அபத்தத்துக்கெல்லாம் காரணம் என்று அவர் கைநீட்டுவது படமெடுக்கும் முதலாளியை. ஏழையின் ரத்தத்தை உறிஞ்சித்தான் அவனுக்கு லாபம் என்கிறார். அட்டைக் கிரீடம் அட்டையாக இருப்பதல்ல அவர் வருத்தம். நாள் முழுக்க உழைத்தவன் கையில் இருக்கும் காசைக் கொடுத்து உள்ளே வருகிறான், அவனுக்குப் போய் அட்டையைக் காட்டுகிறாயே என்பதுதான்.

அப்படிச் சொன்னவர் கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? தானே படமுதலாளி ஆகப் புறப்பட்டார். 1960-களின் தொடக்கத்தில், எழுபது வயதை ஒட்டிய நேரத்தில், பெருமாள் கோயில் தெரு வீட்டை விட்டுச் சென்னைக்குப் போனார். தன்னுடைய 'பாண்டியன் பரிசு' காவியத்தைச் சொந்தமாகப் படம் எடுக்க வேண்டும். பறிபோன பேழை, அதைத் தேடிக் கொண்டுவருபவனுக்கு இளவரசி, வாள்சண்டை, சூழ்ச்சி என்று சினிமாவுக்கென்றே எழுதியது போன்ற கதை. அருள்புரிய யாரும் வானத்திலிருந்து இறங்க வேண்டியதில்லை. பெரிய நடிகர்களை வைத்து எடுக்கத் திட்டம்.

எடுக்க முடியவில்லை. 1964 ஏப்ரல் 21-ல் சென்னை பொது மருத்துவமனையில் இறந்தார். மறுநாள் புதுச்சேரியில், பாப்பம்மாள் கோயில் இடுகாட்டில் அடக்கம்.

பெருமாள் கோயில் தெரு 95-ம் எண் வீடு இப்போது நினைவு அருங்காட்சியகம். நானும் ஒன்றிரண்டு தடவை போயிருக்கிறேன். கவிஞர், ஆசிரியர், 1955-ல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர், எல்லாரையும் அங்கே நினைத்துக்கொள்ளலாம். படம் எடுக்க ஆசைப்பட்டுச் சென்னைக்குப் போன பெரியவரை மட்டும் யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை. எனக்கு அந்த வாசலில் நின்றால் அவர்தான் முதலில் ஞாபகம் வருகிறார்.

அவர் போன அடுத்த வருஷமே, 1965-ல், தமிழை அமுதம் என்று கொண்டாடும் அவர் பாட்டு 'பஞ்சவர்ணக்கிளி'யில் வந்தது. சங்கு முழங்கும் பாட்டு 'கலங்கரை விளக்கம்' படத்தில். 1951-லேயே அண்ணாவின் 'ஓர் இரவு' படத்தில், யாழெடுத்து இசைக்கச் சொல்லும் பாட்டு, தண்டபாணி தேசிகர் அமைத்த தேஷ் ராக மெட்டில் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. 1972-ல் 'நான் ஏன் பிறந்தேன்' படத்தில், அழகான தோட்டங்களுக்குப் பின்னால் இருக்கும் உழைப்பாளியின் ரத்தத்தைப் பற்றிய பாட்டுக்கு எம்.ஜி.ஆர். வாயசைத்தார். வாத்தியார் பாட்டுக்கு வாத்தியாரே! 2016-ல் 'அச்சம் என்பது மடமையடா' படத்தில் ஏ.ஆர். ரகுமான் இசையில் ஒரு காதல் பாட்டு வந்தது. அக்கா மகன் அதைப் போனில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தான். எழுதியது பாரதிதாசன் என்று சொன்னபோது நம்பவில்லை.

சினிமாவுக்காக அவர் எழுதிய படங்களை இப்போது தேடித்தான் பிடிக்கணும். சினிமாவை நினைக்காமல் எழுதிய பாட்டுகள் தாமாகவே திரைக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் பார்த்தாரா என்றால், பெரும்பாலானவற்றைப் பார்க்கவில்லை.

இத்தனையும் நேற்று ராத்திரி அக்கா மகனிடம் சொன்னேன். புடிக்கலைன்னா ஏன் வர்றேன்னு கேட்டியே, இந்தக் கலை நம்முடையதாக ஆகிவிடும் என்று நம்பியவன்தான் இவ்வளவு திட்டுவான், நம்பிக்கை போனவன் டிக்கெட்டே எடுக்க மாட்டான் என்றேன். பாரதிதாசன் திட்டிவிட்டு வீட்டில் உட்காரவில்லை, தன் கையைக் கொண்டுபோய் உள்ளே விட்டார், சுட்டுக்கொண்டார், மறுபடியும் விட்டார்.

"அவரு கையை விட்டாரு, சரி. நீங்க என்ன மாமா செஞ்சீங்க?" என்றான்.

பையன் விவரமானவன். இந்தக் கட்டுரையைக் காட்டலாம் என்றிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை இன்னொரு படம் வருகிறதாம். டிக்கெட் போட்டுவிட்டான். கதாநாயகன் டிரெய்லரிலேயே மெதுவாகத்தான் நடக்கிறார்.