மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்: பைக்கா, காரா?

இரண்டு சக்கரம் என்றால் மோட்டார் சைக்கிள், நான்கு என்றால் கார் என்ற கணக்கு முதல் நாளிலேயே பொய்த்துப் போனது. 1885-ல் ஜெர்மனியின் கான்ஸ்டாட் ஊரில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் மரச்சட்டத்தில் இயந்திரம் பொருத்தி ஓட்டிய வண்டியைத்தான் உலகின் முதல் மோட்டார் சைக்கிள் என்பார்கள். அதற்கு முன்னும் பின்னுமாக இரண்டு பெரிய சக்கரங்கள். சாய்ந்து விழாமலிருக்கப் பக்கத்துக்கொன்றாக இரண்டு குட்டிச் சக்கரங்கள். ஆக நான்கு. 1886 ஜனவரி 29 அன்று கார்ல் பென்ஸ் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த வண்டிக்கு மூன்றே சக்கரங்கள். அது முதல் கார். சக்கரத்தை எண்ணி வண்டியின் சாதியைச் சொல்ல முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. பின்வந்த காலத்தில் அதை முடிவு செய்தவை வரி, உரிமம், எடை ஆகியவையே. வண்டியில் கூடுதலாகப் பொருத்திய சாமான்களும் அந்த முடிவில் பங்கு கொண்டன; சில சமயம் அவை மட்டுமே.

மூன்று சக்கர மோட்டார் வண்டி சந்தையில் நிலைத்தது பிரான்சில். ஆல்பெர் த தியோன் என்ற பிரபுவும் ஜார்ஜ் பூட்டோன் என்ற கைதேர்ந்த இயந்திரக்காரரும் சேர்ந்து நடத்திய நிறுவனம், 1890-களின் பிற்பாதியில் ஒரு மோட்டார் டிரைசைக்கிளை விற்கத் தொடங்கியது. அக்கால இயந்திரங்கள் நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகள் சுற்றிக்கொண்டிருந்தபோது, இவர்களின் சின்ன இயந்திரம் 1,500-ஐத் தாண்டிச் சுற்றியது. மின்பொறியால் பற்றவைத்ததே அந்த வேகத்துக்குக் காரணம். பின் அச்சையொட்டி இயந்திரம், நடுவில் சைக்கிள் சீட், கிளப்புவதற்கு மிதிகட்டை. ஓட்டுபவர் கால்களை இருபுறமும் போட்டு அமர்ந்தார், ஹேண்டில் பாரைத் திருப்பினார். சைக்கிளிலிருந்து பிறந்த வண்டி என்பதில் யாருக்கும் ஐயம் எழவில்லை.

அப்போது எழுந்த சிக்கல் வேறு: இன்னொருவரை எங்கே உட்கார வைப்பது? பின்னால் ஒரு சிறு இழுவண்டியைக் கட்டினார்கள். அதில் அமர்ந்தவருக்குப் புழுதியும் புகையும்தான் மிச்சம். பிறகு முன்னால் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நாற்காலி வைத்தார்கள். எதிரே வருவது எதுவானாலும் முதலில் அவர் மேல்தான் மோதும். 1903 வாக்கில் இங்கிலாந்தில் நாற்காலி பக்கவாட்டுக்கு வந்தது. சைடுகார் பிறந்த கதை இதுதான். இரு சக்கர வண்டியை ஒரே மாலையில் மூன்று சக்கரமாக்கிவிட்டு, மறுநாள் காலையில் கழற்றி வைக்கக்கூடிய உபகரணம் அது.

கழற்றலாம் என்ற அந்த ஒரு சொல்லில் சட்டமும் நின்றுகொண்டது. இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டம், மோட்டார் சைக்கிள் என்பதை இரு சக்கர மோட்டார் வாகனம் என்று வரையறுத்துவிட்டு, கழற்றக்கூடிய சைடுகாரும் அதன் கூடுதல் சக்கரமும் அதில் அடங்கும் என்கிறது. மோட்டார் சைக்கிள் பந்தய உலகமும் அப்படித்தான் பார்த்தது. மேன் தீவின் டிடி பந்தயத்தில் 1923-லேயே சைடுகாருக்கெனத் தனிப் போட்டி நடந்தது. அதில் வென்ற ஃப்ரெடி டிக்ஸனின் டக்ளஸ் வண்டியில் ஓர் அதிசயப் பொருத்து இருந்தது: சைடுகாரில் இருப்பவர் ஒரு நெம்புகோலை இயக்கினால் அதன் சக்கரம் ஏறி இறங்கும், வளைவுக்கேற்ப வண்டி முழுவதும் சாயும். மூன்று சக்கரத்தில் போனாலும் பைக் போலச் சாய வேண்டும் என்ற ஆசை அவ்வளவு பழையது.

சைடுகாரை மாட்டுவது நான்கு போல்ட்டோடு முடியும் வேலை அல்ல. இடப்பக்கம் மாட்டிய வண்டியில் வேகம் கூட்டினால் சைடுகார் பின்தங்கி வண்டியை இடப்புறம் இழுக்கும். பிரேக் பிடித்தால் அது முந்தி ஓடி வலப்புறம் தள்ளும். இதைச் சமன் செய்யச் சைடுகார் சக்கரத்தின் முன்முனையைச் சற்றே உள்நோக்கித் திருப்பி வைக்க வேண்டும். அந்தச் சக்கரம் பைக்கின் பின்சக்கரத்தைவிடக் கொஞ்சம் முன்னே இருக்க வேண்டும். பைக் நூலளவு வெளிப்புறம் சாய்ந்து நிற்க வேண்டும். இந்த மூன்று அளவும் சேர்ந்து அமைந்தால்தான் கை வலிக்காமல் ஓட்ட முடியும். இதைக் கண்ணாலும் ஒரு நீளக் கட்டையாலும் அளந்து சரிசெய்த மெக்கானிக்குகளின் தொழில்நுட்பம் எந்த நவீன உபகரணத்துக்கும் குறைந்ததல்ல.

கழற்ற முடியாத மூன்றாவது சக்கரம் வந்ததும் வழக்கு தொடங்கியது. இங்கிலாந்தின் மால்வெர்ன் லிங்கில் எச்.எஃப்.எஸ். மார்கன் 1909-ல் கட்டிய வண்டிக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. மோட்டார் சைக்கிள்களில் இருக்கும் அதே வி-டுவின் இயந்திரம் மூக்கில் திறந்தபடி நின்றது. பின்சக்கரத்துக்குச் சக்தி போனது சங்கிலி வழியே. 1913-ல் பிரான்சின் ஆமியானில் இலகு வண்டிகளுக்கு நடந்த கிராண்ட் பிரீ பந்தயத்தில் டபிள்யூ.ஜி. மக்மின்னீஸ் ஒரு மார்கனை ஓட்டி முதலில் வந்தார். மூன்று சக்கரம் என்பதால் அது சைடுகார் வகைதான் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லிவிட்டு, நான்கு சக்கர பெடேலியாவை வெற்றி பெற்றதாக அறிவித்தார்கள். முதலில் வந்தவருக்கு அது அநீதிதான்.

அதே வகைப்பாடு சொந்த நாட்டில் மார்கனுக்கு வாழ்வளித்தது. 1921 முதல் பிரிட்டனில் காருக்கு ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு வீதம் ஆண்டு வரி. சின்னஞ்சிறு ஆஸ்டின் செவனுக்குக்கூட எட்டுப் பவுண்டு கட்ட வேண்டும். இலகுவான மூன்று சக்கர வண்டிக்கு மோட்டார் சைக்கிள் கணக்கில் நான்கு பவுண்டு போதும். கூலிக்காரர் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் பெரிது. 1935-ல் கார் வரி குதிரைத்திறனுக்கு 15 ஷில்லிங்காகக் குறைந்ததும் மூன்று சக்கரத்தின் கவர்ச்சியும் தேய்ந்தது.

உபகரணங்களாலேயே வாழ்ந்த மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் என்றால் அமெரிக்காவின் ஹார்லி-டேவிட்சன் சர்வி-கார். பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, 1932-ல் வந்தது. அதன் நோக்கம் மிக எளிமையானது. பழுதுபார்க்க வேண்டிய காரை வாடிக்கையாளர் வீட்டிலிருந்து எடுத்துவர ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரண்டு ஆள் போக வேண்டியிருந்தது: ஒருவர் காரை ஓட்ட, இன்னொருவர் தாங்கள் வந்த வண்டியை ஓட்ட. சர்வி-காரின் முன்பக்கம் மடக்கி வைத்த ஓர் இழுவைக்கம்பி இருந்தது. மெக்கானிக் தனியாகப் போவார். கம்பியை இறக்கி, காரின் பின் பம்பரில் கவ்வ வைப்பார். காரில் ஏறி ஓட்டிக்கொண்டு வருவார். மூன்று சக்கர வண்டி பின்னாலேயே உருண்டு வரும். வேலை முடிந்து காரைத் திருப்பி விட்டதும் கம்பியைக் கழற்றிவிட்டு, அதே வண்டியில் கடைக்குத் திரும்பிவிடலாம். ஒரு ஆளின் கூலி மிச்சம்.

இந்த வண்டியின் வகைகளைப் பிரித்ததே பொருத்துகள்தான். சிறு பெட்டியும் இழுவைக்கம்பியும் கொண்டது ஒன்று, கம்பி இல்லாதது ஒன்று, பெரிய பெட்டி உள்ளது ஒன்று, டயருக்குக் காற்றடிக்கும் தொட்டியோடு வந்தது இன்னொன்று. பின்னால் இரண்டு சக்கரத்துக்கு நடுவே டிஃபரன்ஷியல், பின்னோக்கிச் செல்ல ரிவர்ஸ் கியர். இயந்திரமோ 45 கன அங்குல, அதாவது சுமார் 740 சிசி கொண்ட பக்க வால்வு மோட்டார் சைக்கிள் இயந்திரம். 1964-ல் இதற்கு மின்சார ஸ்டார்ட்டர் கிடைத்தது. ஹார்லி வண்டிகளில் அந்த வசதியை முதலில் பெற்றது, எல்லோரும் கொண்டாடிய பெரிய பைக்குகள் அல்ல, இந்த வேலைக்கார வண்டிதான்.

ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பிறகு இதை அதிகம் நேசித்தவர்கள் காவல்துறையினர். பார்க்கிங் நேரத்தைக் கவனிக்கும் காவலர் நீளக் குச்சி முனையில் சாக்பீஸ் செருகிக்கொண்டு, வரிசையாக நிற்கும் கார்களையொட்டி நடக்கும் வேகத்தில் வண்டியை உருட்டுவார். சீட்டை விட்டு இறங்காமலே ஒவ்வொரு டயரிலும் ஒரு கோடு. சுற்றி வந்து பார்க்கும்போது கோடு அதே இடத்தில் இருந்தால் சீட்டு கிழிப்பார். இரு சக்கர வண்டியில் இந்த வேகத்தில் காலை ஊன்றாமல் போவது சர்க்கஸ். 1973 வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், சர்வி-கார் உற்பத்தியில் இருந்தது.

ஆசியாவில் கதை சரக்குப் பக்கம் திரும்பியது. ஜப்பானில் 1930 முதல் 500 சிசிக்குட்பட்ட சிறு வாகனங்களை ஓட்டுநர் உரிமம் இல்லாமலே ஓட்டலாம் என்றிருந்தது. 1931-ல் வந்த மஸ்டா-கோ 482 சிசி இயந்திரத்தோடு அந்த வரம்புக்குள் அடங்கி நின்றது: முன்பாதி ஹேண்டில் பார் வைத்த மோட்டார் சைக்கிள், பின்பாதி லாரித் தொட்டி. 1957-ல் வந்த டைஹாட்சு மிட்ஜெட்தான் தாய்லாந்தின் டுக்-டுக்குக்கு மூத்தது. இத்தாலியில் 1948-ல் வெஸ்பாவின் பின்பகுதியை அகலமாக்கிப் பியாஜியோ செய்த ஆப்பே, நம் ஆட்டோவின் நேரடி முன்னோர். டெல்லியில் போர்க்கால உபரியாக விற்ற ஹார்லி, இந்தியன் மோட்டார் சைக்கிள்களின் பின்னால் பெஞ்சு கட்டி ஓட்டிய பட்பட்டிகளும் இந்தக் குடும்பம்தான். மாசுக் கட்டுப்பாட்டால் 1998-ல் அவை தெருவை விட்டுப் போயின.

போருக்குப் பிந்தைய பிரிட்டனில், பைக்கா காரா என்ற கேள்வி ஒரே ஒரு கியரில் வந்து நின்றது. 8 ஹண்ட்ரட்வெயிட், அதாவது சுமார் 406 கிலோவுக்கு மிகாத மூன்று சக்கர வண்டியை மோட்டார் சைக்கிள் உரிமத்தில் ஓட்டலாம். ஆனால் அதில் ரிவர்ஸ் கியர் இருக்கக் கூடாது. 1957 முதல் பிரைட்டனின் பழைய ரயில் இன்ஜின் பணிமனையில் தயாரான இசெட்டா என்ற முட்டை வடிவ வண்டியின் மூன்று சக்கர வகை இதற்காகவே ரிவர்ஸ் இல்லாமல் வந்தது. அதன் கதவு மூக்குப் பக்கத்தில், குளிர்பெட்டி போல முன்னோக்கித் திறக்கும். சுவரை முட்டும்படி கராஜில் நிறுத்தினால் கதவும் திறக்காது, வண்டியும் பின்னே போகாது. யாராவது வந்து இழுத்துவிட வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் வைத்ததால் ஓட்டுநரும் இயந்திரமும் ஒரே பக்கம் விழ, மறுபக்கம் எடைக்கட்டி வைக்கும் நிலையும் வந்தது. 1960-களில் ரிவர்ஸ் தடை நீங்கியது. ரிலையன்ட் நிறுவனத்தின் ரீகலும் ராபினும் அந்த உரிமச் சலுகையாலேயே, பைக் ஓட்டிப் பழகிய குடும்பத் தலைவர்களின் முதல் கூரையுள்ள வண்டியாயின.

கால்நூற்றாண்டு கழித்து வட அமெரிக்காவில் மூன்று சக்கரம் வேறொரு வாசல் வழியே திரும்பியது. வயதாகி, முழங்கால் தேய்ந்து, சிக்னலில் 350 கிலோ வண்டியைத் தாங்கி நிற்க முடியாத ஓட்டுநர்களுக்கு, ஹோண்டா கோல்டு விங் போன்ற பெரிய பைக்குகளின் பின்பகுதியைக் கழற்றி, இரட்டைச் சக்கர அச்சு பொருத்தித் தரும் கிட்டுகள் வந்தன. 1985-ல் கனடாவில் தொடங்கிய லேமன் டிரைக்ஸ் இதில் பேர்பெற்றது. ஹார்லியே 2009 மாடலாக டிரை-கிளைடு என்ற வண்டியைக் கொண்டுவந்தபோது அதைக் கட்டுவதில் லேமனுக்குப் பங்கிருந்தது.

கிட்டு ஏறியதும் பைக்கின் பழைய சாமான்களில் பாதி பயனற்றுப் போகும். சைடு ஸ்டாண்டு வேண்டாம், சென்டர் ஸ்டாண்டு வேண்டாம். விழுந்தால் காக்கும் கிராஷ் கார்டுக்கும் வேலை குறைவு. பதிலாகக் கார் சாமான்கள் வரும்: கைப் பிரேக், ரிவர்ஸ், டிக்கி. ஆனால் மிக முக்கியமான மாற்றம் கண்ணில் படாது. இரு சக்கர வண்டியில் வலப்புறம் திரும்ப, வலக்கைப் பிடியைச் சற்று முன்னே தள்ள வேண்டும். வண்டி சாய்ந்து திரும்பும். டிரைக் சாயாது, சைக்கிள் ரிக்‌ஷா போல ஹேண்டிலைத் திருப்பிய பக்கம்தான் போகும். சாய்வதற்காக அமைத்த முன் ஃபோர்க்கின் கோணம் அப்படியே இருந்தால் ஒவ்வொரு வளைவிலும் தோள்பட்டை இற்றுப்போகும். ஆகவே ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் டீ-ஸ்டெம்மை வேறு கோணத்தில் வார்த்த ஒன்றால் மாற்றுகிறார்கள். நிறம் பூசிய டிக்கியையும் விளக்குகளையும்விட இந்த ஒரு வார்ப்புத் துண்டுதான் பணம் போட வேண்டிய இடம்.

சாய்வதை இழக்காமலே மூன்று சக்கரம் தர முயன்றது 2006-ல் வந்த பியாஜியோ எம்பி3. முன்னிரண்டு சக்கரங்களும் ஸ்கூட்டரோடு சேர்ந்து சாயும். நிற்கும்போது பூட்டிவிட்டால் காலூன்றாமல் நிற்கும். ஐரோப்பிய விதிப்படி ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களின் இடைவெளி 460 மில்லிமீட்டரைத் தாண்டாவிட்டால் அவை இரண்டும் ஒரு சக்கரம். முதலில் வந்த எம்பி3 அந்த அளவுக்குள் இருந்ததால் சட்டத்தின் கண்ணில் இரு சக்கர வண்டி. பியாஜியோ இடைவெளியை 465 ஆக்கி, கால் பிரேக் வைத்து, இண்டிகேட்டர்களைத் தள்ளி வைத்து, கார் உரிமத்தில் ஓட்டக்கூடிய எல்டி என்ற வகையைக் கொண்டுவந்தது. கார் உரிமம் வைத்திருந்த பாரீஸ்காரர்கள் அதில் ஏறி அலுவலகம் போகத் தொடங்கினார்கள்.

அமெரிக்க ஒன்றிய விதி இன்னும் தாராளம்: ஓட்டுபவருக்கு இருக்கை இருந்து, தரையில் மூன்றுக்கு மேல் சக்கரம் படாவிட்டால் அது மோட்டார் சைக்கிள். அந்த வரையறையில் 2014-ல் வந்த போலாரிஸ் ஸ்லிங்‌ஷாட்டும் அடங்கிவிடுகிறது. ஸ்டியரிங் வீலும், பக்கம் பக்கமாக இரண்டு இருக்கைகளும், சீட் பெல்ட்டும் உள்ள வண்டி அது. இந்தப் பொருத்தமின்மையைத் தீர்க்கப் பல மாநிலங்கள் ஆட்டோசைக்கிள் என்று தனி வகுப்பே ஏற்படுத்தி, கார் உரிமத்தில் ஓட்ட அனுமதித்தன. காலைப் போட்டு உட்கார்ந்து ஹேண்டில் பார் பிடிக்கும் மூன்று சக்கர கேன்-ஆம் ஸ்பைடரைப் பைக் என்று ஒப்புக்கொள்வதில் நியாயம் உண்டு. ஸ்லிங்‌ஷாட்டை அப்படிச் சொல்வது வார்த்தைக்கு மட்டுமே பொருந்தும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு மிக நெருக்கமான வண்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வழங்கும் இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர். ஸ்கூட்டரின் பின்சக்கரம் நடுவில் அப்படியே இருக்க, இருபுறமும் தனி ஷாக் அப்சார்பரோடு ஒவ்வொரு சக்கரம். ஆக, டைம்லரின் வண்டியைப் போல நான்கு. இந்தச் சக்கரங்கள் அதை வைத்திருப்பவரின் கால்கள். அவற்றை ஆக்சஸரி என்று எந்தச் சட்டமும் கருதக் கூடாது. இந்தியச் சட்டமும் அப்படிக் கருதவில்லை. அந்த வண்டியைத் தனி வகுப்பில் வைத்தது. ஆனால் அந்த வகுப்புக்கு வைத்திருந்த ‘இன்வாலிட் கேரேஜ்’ என்ற பெயர் மனதைக் குத்தும். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது அந்தச் சொல் நீங்கி, மாற்றியமைக்கப்பட்ட வாகனம் என்ற பெயர் வந்தது.