அடையாற்றில் இரண்டு பள்ளிகள்

ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்து இசைக்கல்லூரி தேடும் தோழர்களே, ஒரு பழைய கதை. 1894இல் அடையாற்றில் கர்னல் ஆல்காட் 'பஞ்சமர்' பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி திறந்தார். அவர் தலைமை தாங்கிய பிரம்மஞான சபையைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் அதே அடையாற்றில் தொடங்கிய சிறு தனியார் கலைப்பள்ளிதான் கலாக்ஷேத்ரா. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அவர் கற்ற சதிர், அங்கே பரதநாட்டியமாகப் பாடமானது. நம் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி, அவர்களுக்குக் கலை. 1962இல் திருவான்மியூருக்குப் போன பள்ளியை, 1993இல் நாடாளுமன்றச் சட்டம் தேசிய முக்கியத்துவ நிறுவனமாக்கியது.

அங்கே மிருதங்கம் உண்டு. அதற்குத் தோல் பதப்படுத்தி மூட்டுபவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள், 2020இல் டி.எம்.கிருஷ்ணா அவர்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். தோலில் தீட்டு, நாதத்தில் இல்லையாம்!

பறையோ கல்லூரிக்கு வெளியேதான் வளர்ந்தது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் அதை அடித்தார்கள். 2025இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.