பாடு

'என்ன பாடு படுத்துகிறான்!' என்று சலித்துக்கொள்ளும் தாயின் வாயிலும், பெரிய வெள்ளி ஆராதனையிலும் ஒலிப்பது ஒரே சொல்தான். 'கெடு' கேடாவதுபோல, 'சுடு' சூடாவதுபோல, 'படு' நீண்டு 'பாடு' ஆனது.

இயேசு பட்ட துன்பத்தைக் குறிக்கும் இலத்தீன் 'பாஸியோ'வும் 'படுதல்' என்று பொருள்படும் வினையில் பிறந்ததே. தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதைப் 'பாடுகள்' என்றது கச்சிதமான தேர்வு.

கடற்கரை மீனவர் பேச்சில் 'மீன்பாடு' துன்பமல்ல, வலையில் கிடைத்த வரவு! பாடும் பயனும் ஒரே சொல்லில் கூடுவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் திருச்சபையின் போதனையும் அதையொட்டியே போகிறது. மனிதர் படும் வேதனை கிறிஸ்துவின் மீட்புப் பணியில் பங்காக முடியும் என்று போப் இரண்டாம் ஜான் பால் 1984-இல் தனி மடலே எழுதினார்.

கிறிஸ்தவ மறைசாட்சியான நட்டாலத்துத் தேவசகாயம் பிள்ளையின் வரலாற்றைச் சொல்வோரும் 'பாடுகள்' என்றே சொல்கிறார்கள்: சிறைவாசம், சவுக்கடி, எருமைமேல் ஏற்றி ஊரூராக அவமானம், 1752-இல் காற்றாடிமலையில் துப்பாக்கிச் சூடு. 2022-இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது.