பயமும் பாஸ்புக்கும்

ஒரு சின்னக் கற்பனை செய்து பாருங்கள். உங்கள் சேமிப்பு முழுக்க பேங்க்கில் இருக்கிறது. பாக்கெட்டில் ஒரு பத்து ரூபாய் நோட்டு. காலையில் போனால் பேங்க் வாசலில் பூட்டு. எப்போது திறப்பார்கள்? வாட்ச்மேனுக்குத் தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது. சரி, பக்கத்துத் தெரு பேங்க்குக்கு ஓடினால், அங்கேயும் பூட்டு.

1933 மார்ச் 4, சனிக்கிழமை. அமெரிக்கா ஏறக்குறைய இந்த லட்சணத்தில்தான் விடிந்தது. முந்தைய மாதம் மிச்சிகன் மாநிலத்தில் ஆரம்பித்த பூட்டு, ஊர் ஊராகப் பரவி, அன்று அதிகாலை நியூயார்க்கையும் பிடித்துவிட்டது. நாலு வருடத்தில் சுமார் 9,000 பேங்க்குகள் காலி. உழைக்கத் தயாராக இருந்தவர்களில் நாலு பேருக்கு ஒருவருக்கு வேலையில்லை.

அன்றைக்குத்தான் புது ஜனாதிபதி பதவியேற்கிறார். பெயர், ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்.

ஜனங்கள் அவரை முழுசாக நம்பித்தான் ஓட்டுப் போட்டார்களா என்றால், இல்லை. 48 மாநிலங்களில் 42 அவருக்கு. ஆனால், அதில் பாதி அவர்மேல் இருந்த ஆசை என்றால், மீதி பழைய ஜனாதிபதி ஹூவர் மேல் இருந்த ஆத்திரம். ‘ரொம்ப இனிமையான மனிதர். ஜனாதிபதி ஆகவேண்டுமென்ற ஆசை இருக்கிறது. முக்கியமான தகுதி எதுவும்தான் இல்லை’ என்ற அர்த்தத்தில் 1932லேயே எழுதியிருந்தார் பிரபல பத்திரிகையாளர் வால்டர் லிப்மன்.

சந்தேகத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அப்போதெல்லாம் நவம்பரில் ஜெயித்தவர் மார்ச்சில்தான் பதவியேற்பார். நாலு மாத இடைவெளி. ‘சேர்ந்து ஏதாவது செய்யலாம், வாருங்கள்’ என்று கூப்பிட்டார் ஹூவர். போனால் அவருடைய கொள்கைக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதிகாரம் கையில் வரட்டும் என்று ரூஸ்வெல்ட் ஒதுங்கியே இருந்துவிட்டார். அந்த இடைவெளியில்தான் பேங்க்குகள் வரிசையாக விழுந்தன. இவருக்கு நாட்டைப் பற்றிய கவலை உண்டா, இல்லையா? நியாயமான கேள்விதானே?

போலியோவால் செயலிழந்த கால்களில் இரும்புப் பட்டை மாட்டி, மகன் ஜேம்ஸின் கையைப் பிடித்தபடி மேடைக்கு வந்தார் ரூஸ்வெல்ட். நாம் பயப்படவேண்டிய ஒரே விஷயம் பயம்தான் என்றார். அந்த வரியை உலகம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால், அன்றைய கூட்டம் பலமாகக் கைதட்டியது வேறோர் இடத்தில். நாடாளுமன்றம் தன் கடமையைச் செய்யத் தவறினால், எதிரி நாடு படையெடுத்து வந்தால் ஒரு ஜனாதிபதிக்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பீர்களோ, அவ்வளவு அதிகாரம் கேட்பேன் என்றார். அங்கேதான் ஆரவாரம்.

அவர் மனைவி எலினாருக்கு அது கொஞ்சம் பயங்கரமாக இருந்ததாம். என்ன செய்யவேண்டும் என்று யாராவது சொன்னால் போதும், இந்தக் கூட்டம் எதையும் செய்துவிடும் என்று தோன்றியதாகப் பிறகு சொன்னார். அந்த அம்மாள் பயந்ததில் அர்த்தமிருக்கிறது. மறுநாள், மார்ச் 5ம் தேதி, ஜெர்மனியில் தேர்தல். அதே மாதம் 23ம் தேதி, நெருக்கடியைக் காட்டியே மொத்த அதிகாரத்தையும் சட்டபூர்வமாக வாங்கிக்கொண்டார் ஹிட்லர்.

வாஷிங்டனில் கதை வேறு மாதிரி போனது. மார்ச் 6, திங்கள்கிழமை. நாடு முழுக்க பேங்க்குகளுக்கு விடுமுறை. 9ம் தேதி நாடாளுமன்றம் கூடி, அன்றைக்கே அவசரச் சட்டம் நிறைவேற்றியது. கணக்கைப் பரிசோதித்து, நல்ல பேங்க்கை மட்டும் திறப்பது என்று முடிவு.

12ம் தேதி ஞாயிறு இரவு பத்து மணிக்கு ரேடியோவில் பேசினார் ரூஸ்வெல்ட். கேட்டவர்கள் சுமார் ஆறு கோடிப் பேர். வீரவசனம் ஒன்றும் இல்லை. பேங்க் எப்படி இயங்குகிறது என்று பாடம் எடுத்தார், அவ்வளவுதான். நீங்கள் போடும் பணம் பெட்டகத்தில் தூங்குவதில்லை. கடனாக, முதலீடாக வெளியே போய் வேலை செய்கிறது. எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் எவ்வளவு நல்ல பேங்க்காலும் கொடுக்க முடியாது. நான் பி.காமில் மூன்று வருடம் முட்டி மோதியதில் பாதியை மனிதர் கால் மணி நேரத்துக்குள் முடித்துவிட்டார்! பேங்க் விவகாரத்தை எல்லோருக்கும் புரியவைத்துவிட்டார், பேங்க்காரர்களுக்குக்கூடப் புரிந்துவிட்டது என்று கிண்டலடித்தார் நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ்.

மறுநாள் முக்கிய நகரங்களில் கதவு திறந்தது. வாசலில் கூட்டம், எடுப்பதற்கு அல்ல, போடுவதற்கு! மெத்தைக்கடியில் பதுங்கியிருந்த பணமெல்லாம் திரும்பி வந்தது. 15ம் தேதி பங்குச் சந்தை திறந்தபோது ஒரே நாளில் 15 சதவிகிதத்துக்குமேல் ஏற்றம். அதற்குள் வெள்ளை மாளிகையில் லட்சக்கணக்கில் கடிதங்கள் மலையாகக் குவிந்திருந்தன. வேலை கேட்டு, வீட்டைக் காப்பாற்றக் கேட்டு, வாழ்த்தி.

சுபம் போட்டுவிடலாமா? அவசரப்படாதீர்கள்.

சந்தேகப்பட்டவர்களும் முட்டாள்கள் இல்லை. ஏப்ரல் மாதமே, கையில் இருக்கும் தங்கத்தை அரசாங்கத்திடம் ஒப்படையுங்கள் என்று உத்தரவு வந்தது. அவுன்ஸுக்கு 20 டாலர் 67 சென்ட். வாங்கி முடித்து, அடுத்த ஜனவரியில் அதே தங்கத்தின் விலையை 35 டாலர் ஆக்கினார்கள். சொன்னபடி கொடுத்தவனுக்கு நஷ்டம். 1935ல் முதியோர் பென்ஷனுக்குச் சட்டம் வந்தபோது, விவசாயக் கூலிகளும் வீட்டு வேலை செய்பவர்களும் அதில் இல்லை. கறுப்பின மக்களில் பெரும்பாலோர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். 1936ல் 46 மாநிலங்களில் ஜெயித்த தெம்பில், உச்ச நீதிமன்றத்தில் கூடுதல் நீதிபதிகளை நியமிக்கப் பார்த்தார். நடக்கவில்லை. தடுத்ததில் அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களும் உண்டு. கைதட்டிய தேசம்தான். வரம்பு தாண்டினால் வேண்டாம் என்று சொல்லவும் அதற்குத் தெரிந்திருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். பேங்க்கே மூழ்கினாலும் போட்ட பணம் குறிப்பிட்ட தொகை வரை கிடைக்கும் என்று உத்தரவாதம் தரும் டெபாசிட் இன்ஷூரன்ஸ். அதைக் கொண்டுவந்த புண்ணியவான் என்று ரூஸ்வெல்ட்டைத்தான் சொல்வார்கள். உண்மையில் அவருக்கு அது பிடிக்கவே இல்லை. மோசமான பேங்க் செய்யும் தப்புக்கு நல்ல பேங்க் தண்டம் கட்டவேண்டுமா என்று கேட்டார். ஆனால், ஜனங்கள் விடவில்லை. நாடாளுமன்றமும் விடவில்லை. 1933 ஜூனில் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டார். 1934 ஜனவரி முதல் 2,500 டாலர் வரை பாதுகாப்பு. அந்த வருடம் முழுக்க, இன்ஷூரன்ஸ் உள்ள பேங்க்குகளில் மூழ்கியவை ஒன்பதே ஒன்பது.

கேரளத்தில் பாலை சென்ட்ரல் பேங்க் 1960ல் விழுந்தபிறகு, 1962ல் அந்தப் பாதுகாப்பு இந்தியாவுக்கும் வந்தது. அன்றைக்கு 1,500 ரூபாய். 2020ல் அது ஐந்து லட்சமானது. உங்கள் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள், அதைப் பற்றி ஒரு வரி அச்சடித்திருந்தாலும் இருக்கும்.

ஒரு மனிதரின் குரலை நம்பி மெத்தைக்கடிப் பணத்தை எடுத்துவந்து கட்டினார்கள் அந்த ஜனங்கள். அது நம்பிக்கை. அத்தோடு நிற்காமல், நீங்கள் சொன்னது சரி ஐயா, அதையே எழுத்தில் கொடுங்கள் என்றும் கேட்டார்கள் பாருங்கள், அது சந்தேகம்.

குரல் 1945ல் ஓய்ந்துவிட்டது. எழுத்து இன்னும் இருக்கிறது.